நாக்குமீனுக்கு வேறு பெயர்கள்

ஒரு மீனுக்கு மற்றப் பாஷைகளில் என்ன பெயர் என்று நான் ஆட்களிடம் கேட்டுத் திரிந்த காலம் ஒன்று இருந்தது. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். கடையில் விலை கேட்கவே கூச்சப்பட்டு, எடுத்துத் தந்ததை வாங்கிக்கொண்டு வருகிறவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாரோடும் கதைக்க வேண்டிய தேவையும் வரவில்லை. ஆனால் அந்தச் சில மாதங்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாக நின்று கேட்டேன்.

பெரிய மீன் ஒன்றுமில்லை. நாக்குமீன். உள்ளங்கையை நீட்டிப் பிடித்தது போல மெல்லிசாக இருக்கும். ஒரு பக்கம் மண் நிறம், மற்றப் பக்கம் வெள்ளை. இரண்டு கண்ணும் மண் நிறப் பக்கத்திலேயே கிட்டக்கிட்ட இருக்கும். வெள்ளைப் பக்கத்தில் ஒன்றுமே இராது. கழுவும்போது திருப்பிப் போட்டால், முகமே இல்லாத ஒன்றைப் பார்ப்பது போல இருக்கும்.

அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே போகிற ஒரு ஒழுங்கையில் இருந்தோம். முன்வீடு ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கி நோனாவினுடையது. பின்பக்கத்து இரண்டு அறையும் குசினியும் எங்களுக்கு வாடகைக்கு. பின்படலையைத் திறந்தால் கோச்சி ஓடுகிற தண்டவாளம், அதற்கு அங்கால் கல்லு, பிறகு கடல். நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை. என் புருஷன் யாழ்ப்பாணத்து ஆள், புறக்கோட்டையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் கணக்கப்பிள்ளை. விடியப் போனால் மைம்மலில்தான் வருவார். பகல் முழுக்க நானும் பிள்ளையும் மட்டும்.

பிள்ளைக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. அம்மா என்றுகூட இல்லை. தொண்டைக்குள் ஒரு சத்தம் போடுவான், சிரிப்பான், அழுவான், அவ்வளவுதான். மற்றப்படி வலு சுட்டி. கோச்சி வருகிறது என்று எங்களுக்குத் தெரிய முந்தி அவனுக்குத் தெரியும். தரையில் இருந்து விளையாடிக்கொண்டிருப்பவன் சட்டென்று எழும்பிப் பின்படலைக்கு ஓடுவான். பிறகுதான் எங்களுக்குக் கோச்சிச் சத்தம் கேட்கும். இரண்டாம் உலக யுத்தம் வந்து சைரன் ஊதிப் பழக்கிய நாட்களில் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு கத்த, இவன் மட்டும் மற்றப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். பயமில்லாத பிள்ளை என்று ஆட்கள் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த வருஷம் யாழ்ப்பாணத்தில் இருந்து மாமி வந்தார். என் புருஷனின் தாய். மாமா ஊரில் நின்றுவிட்டார். வந்து ஒரு கிழமை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்.

"பிள்ளை, இவன் உன்ர வாயைத்தான் கொண்டு பிறந்திருக்கிறான்."

நான் வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினேன்.

"பாத்தியே, இப்பவும் பேசுறாய் இல்லை. நீ கலியாணம் கட்டி வந்து எவ்வளவு காலத்துக்குப் பிறகு நான் உன்ர குரலைக் கேட்டனான்? பொம்பிளை ஊமையோ எண்டு மாமா என்னை ரகசியமாக் கேட்டவர். தாய் வாயைத் திறந்தாத்தானே பிள்ளை பாத்துப் பழகும்?"

கோபத்தில் சொன்னதல்ல. மாமி கோபக்காரி இல்லை. ஆனால் அந்தச் சொல் என்னோடு ஒட்டிக்கொண்டது. உண்மைதானே என்று பட்டது. பகல் முழுக்க அவனோடு இருக்கிறேன், எத்தனை சொல் சொல்லியிருப்பேன்? சோறு தீத்தும்போது முகத்தோடு முகம் வைத்து, ராசா, குஞ்சு என்று முணுமுணுப்பேன். வேறென்ன? சத்தமாகக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டியும் இருக்கவில்லை, எப்போதும் என் சீலைத் தலைப்பில்தான் நிற்பான். முன்வீட்டு நோனாவுக்குக் கேட்குமே என்ற கூச்சம் வேறு. என் ஊமைத்தனம்தான் பிள்ளைக்குள் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

மாமியே ஒரு வழியும் சொன்னார்.

"நாக்குமீன் குடுத்துப் பாப்பம். எங்கட ஊரில ஒருத்தியின்ர பெடியன் உப்பிடித்தான், நாலு வயசு மட்டும் ஒரு சொல்லில்லை. நாக்குமீன் சொதி வச்சுக் குடுத்துத்தான் நாக்குப் பிரண்டது. இப்ப புரொக்டர். கோட்டில அவன்ர வாயை மூடுறதுக்கு மருந்து தேடுகினம்."

அப்படித்தான் நாக்குமீன் எங்கள் குசினிக்கு வந்தது.

ஒழுங்கையில் தடியில் இரண்டு கூடை மீன் தூக்கிக்கொண்டு மாளு, மாளு என்று கூவியபடி ஒரு சிங்களவன் வருவான். வழக்கமாக அவனிடம் நான் விரலால் காட்டித்தான் வாங்குவேன். நாக்குமீனை எப்படிக் கேட்பது என்று தெரியாமல், வெட்கத்தைவிட்டு என் நாக்கைத் தொட்டுக் காட்டினேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு கூடைக்குள் கிண்டி ஒன்றைத் தூக்கி, மற்றக் கையை விரித்து அதோடு ஒட்டவைத்து, "பெத்தலி மாளு" என்றான். தட்டை மீன். "ஹரி ரசய் நோனா." நல்ல ருசியாம்.

எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. இவர்களுக்கு இது நாக்கு இல்லையா? தட்டைதானா?

சொதி வைத்தேன். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு வால்பக்கம் தோலைக் கிள்ளி இழுத்தால் ஒரே இழுப்பில் உரிந்து வரும். தேங்காய்ப்பால், கொஞ்சம் மஞ்சள், பச்சைமிளகாயை முழுதாகப் போட்டு எடுத்துவிடுவேன். முள் குறைந்த மீன், பிள்ளை ஆசையாகச் சாப்பிட்டான். வெள்ளிக்கிழமை தவிர, கிடைத்த நாளெல்லாம் கொடுத்தேன். கொடுக்கக் கொடுக்க அந்த யோசனை பெரிதாகிக்கொண்டே வந்தது. மீனில் மருந்து இருக்கிறதா, அல்லது நாங்கள் வைத்த பெயரில் மட்டும்தான் நாக்கு இருக்கிறதா? ஒரு வழி எனக்குத் தோன்றியது. மற்றச் சாதிசனமும் இதை நாக்கு என்றே சொன்னால், எங்களைப் போலவே அவர்களும் ஏதோ கண்டுதான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் கேட்காமல் எல்லாரும் ஒரே பெயரை வைத்தால் அது பொய்யாக இருக்க முடியாது. என் படிப்புக்கு அது நல்ல நியாயமாகத்தான் தெரிந்தது.

கொட்டாஞ்சேனையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே மீன் கொண்டுவருகிற பரத குலத்து அம்மாவிடம் கேட்டேன். அவர்கள் தூத்துக்குடிப் பக்கத்துச் சனம். அவர் கூடையை இறக்கிவைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சின்னதுன்னா நாக்கு. பெருசுன்னா எருமநாக்கு. எங்க ஊர்ல அப்பிடித்தான். எதுக்கு கேக்குற தாயி?"

"பிள்ளைக்குப் பேச்சு வர."

"எருமநாக்கா?" அவர் என் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினார். "எரும எப்ப தாயி பேசிச்சு? பேசணும்னா கிளியத்தான் சமைக்கணும்."

என் அம்மா உள்ளே இருந்து சிரித்தது கேட்டது. நானும் சிரித்தேன். ஆனால் மனதுக்குள் நாக்கு என்று இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டேன். எருமையானால் என்ன, நாக்கு நாக்குத்தான். இப்போது என் பேத்தி சொல்கிறாள், மீன்களைப் பற்றிப் படிக்கிறவர்கள் எழுதுகிற நீண்ட பெயர்களில் ஒன்றுக்குள் அந்த எருமை என்ற சொல் அப்படியே இருக்கிறதாம். வெள்ளைக்காரர் எங்கள் கரையில் யாரிடமோ கேட்டு எழுதிக்கொண்டு போனதாக இருக்கும் என்கிறாள். இருக்கலாம். பெயர் கேட்டுத் திரிந்தவள் நான் மட்டும் இல்லை என்று எனக்கு அதில் ஒரு சின்ன ஆறுதல்.

முன்வீட்டு நோனாவிடம் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவருடைய குசினி யன்னல் எங்கள் முற்றத்தைப் பார்த்தபடி. ஒரு நாள் நான் மீன் தோல் உரிப்பதைக் கண்டு அவரே தலையை நீட்டினார். தமிழும் இங்கிலீசும் கலந்து கதைப்பார்.

"சைல்ட், டெய்லி சோல் சாப்பிடுறது? நீங்க எல்லாம் பணக்காரங்க."

"நோனா, அந்தப் பேருக்கு என்ன கருத்து?"

நான் கேள்வி கேட்டதே அவருக்கு அதிசயம். உடனே இறங்கி வந்து, கால் செருப்பைக் கழற்றி, கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டினார். "இது. இதுதான் சோல்."

சப்பாத்தின் அடி. நான் பிள்ளைக்குத் தீத்துவது சப்பாத்தின் அடியா? என் முகம் விழுந்ததை அவர் கண்டிருக்க வேண்டும்.

"ஏன் சைல்ட், டேஸ்ட் சரியில்லையா?"

நான் மெதுவாகக் காரணத்தைச் சொன்னேன். நாக்கு என்றதும் அவர் கன்னத்தில் கைவைத்து யோசித்தார். "இரு, இரு. எங்க பழைய ஒல்லாந்து ஆக்கள் டொங் எண்டு சொல்றது. டொங் எண்டா டங். உங்க மாதிரித்தான், நாக்கு."

அன்றைக்கு இரவு என் புருஷனுக்குச் சோறு போடும்போது சொன்னேன், ஒல்லாந்தரும் நாக்கு என்றுதான் சொல்லுகிறார்களாம் என்று. நானாக ஒரு கதையைத் தொடங்கியதே அவருக்குப் புதினமாக இருந்தது.

"இஞ்சேரும், மீனை விட்டுட்டு டொக்டரிட்டைக் காட்டுவமோ?"

"பொறுத்துப் பாப்பமே," என்றேன். "இப்பதானே குடுக்கத் தொடங்கினது."

அவர் சரியென்றார். என் சொல்லுக்கு மறுசொல் சொல்லாத மனுஷன்.

ஒழுங்கையின் முனையில் ஒரு மலாய்க் குடும்பம் இருந்தது. புருஷன் பொலிஸ். அந்த அக்காவோடு நான் தண்ணீர்ப் பைப்படியில் சிரிப்பேன், அவ்வளவுதான். இன்னும் ஒரு பாஷை நாக்கு என்று சொல்லிவிட்டால் எனக்குப் போதும் என்று நினைத்து, ஒரு நாள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனேன். அவர் வாங்குப் பலகையைத் துடைத்துவிட்டு இருக்கச் சொன்னார்.

"நாக்குமீனா? எங்கட மலாயில இக்கான் செபெலா எண்டு சொல்லிய. செபெலா எண்டா ஒரு பக்கம். பாதி. இந்தப் பக்கம் ஈக்கி, அந்தப் பக்கம் இல்ல, அப்பிடி."

பாதி மீன். எனக்கு வாய்க்குள் கசந்தது.

"அரபில இன்னொரு பேரு ஈக்கி," என்றார். "எங்கட வாப்பா சொன்ன கத. மூஸா நபி அசாக் கம்பால கடலுக்கு அடிச்ச நேரம், கடல் ரெண்டாப் பொளந்திச்சாம். நடுவுல நீந்திக்கொண்டு நிண்ட மீனும் ரெண்டாப் போச்சாம். பாதி அந்தத் தண்ணில, பாதி இந்தத் தண்ணில. அதுதான் ஒரு பக்கம் வெள்ள, ஒண்டும் இல்ல. மூஸா நபிட மீன் எண்டு சொல்லிய."

"அந்த மீன் என்ன பிழை செய்தது?" என்று கேட்டுவிட்டேன்.

"பாவம், அது என்ன செஞ்சிச்சு. பாதையில நிண்டிச்சு." அவர் பிள்ளையின் கையில் ஒரு பிஸ்கட்டை வைத்தார். "ஒங்கட மகன்ட பேரென்ன?"

நான் குனிந்து பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டேன்.

"என்ன புள்ள, மீன்ட பேரு ஊரெல்லாம் கேட்டுத் திரியிற. மகன்ட பேரு சொல்ல வெக்கமா?"

வெட்கம் இல்லை. சொல்லக்கூடாது. என் மகனுக்கு மாமாவின் பெயர், அதாவது இவருடைய தகப்பனின் பெயர். மூத்த ஆண்பிள்ளைக்குப் பாட்டனின் பெயரை வைப்பது அவர்கள் வழக்கம். மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லுவதில்லை என்பது எங்கள் வழக்கம். கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டால் நான் இவருடைய முகத்தைப் பார்ப்பேன், இவர் சொல்லுவார். பிள்ளைக்குப் பேச்சு வரவேண்டும் என்று நான் தனியே போன நாட்களில் சுவாமி பெயருக்கு என்று மட்டும் சொல்லி அர்ச்சனை செய்வித்தேன். இதையெல்லாம் அந்த அக்காவுக்குத் தட்டித்தடுமாறிச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப புள்ளய என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

"கூப்பிடுறதில்லை."

"மாமி?"

"அவவுக்குப் புருஷன்ர பேர். அவவும் சொல்லமாட்டா. இவருக்கும் தகப்பன்ர பேர், தம்பி எண்டு தூக்கிக் கொஞ்சுறதுதான்."

"யா அல்லாஹ்," என்றார் மெதுவாக. "வீட்டுல ஆருமே பேரு சொல்லாட்டி, புள்ள எதக் கேட்டுப் பேசும்?"

வீட்டுக்கு வந்து சேரும்வரை அந்தக் கேள்விதான். மாமி சொன்னதும் அந்த அக்கா சொன்னதும் ஒன்றுதான், என் வாயால்தான் எல்லாம். பெயரைச் சொன்னால் குற்றம், சொல்லாததும் குற்றமா? அடுத்த நாள் இவர் கடைக்குப் போனபிறகு, மாமி முன்னுக்கு நோனாவிடம் பூக்கன்று பார்க்கப் போன நேரம், செய்வதென்று முடிவெடுத்தேன். ஒருமுறை. மாமாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அறைச் சுவரில் தலைப்பாகையோடு அவருடைய படம். குசினியில் இருந்து பார்த்தால் படம் தெரியும், அதனால் அறைக்கதவைச் சாத்தினேன்.

பிள்ளை பின்வாசல் படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். சிரட்டையில் மண் நிரப்பிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் குசினி நடுவில் நின்று, அந்தப் பெயரைச் சொன்னேன்.

குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. இன்னொருமுறை சொன்னேன். இம்முறை எனக்கே கேட்டது, வேறு யாரோ சொன்னது போல. அவன் சிரட்டையைத் தட்டினான். அவனுக்கு இந்தப் பெயர் பழக்கமில்லைதானே என்று நினைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னேன். பிறகு இன்னும் சத்தமாக. என் வாழ்க்கையில் அப்படி நான் கத்தியதில்லை, பிள்ளைப்பேற்றில்கூட. மதிலின் மேல் இருந்த காகம் பறந்தது. முன்வீட்டு நாய் குரைத்தது. நாலு முழத் தூரத்தில் என் பிள்ளை மண்ணை அள்ளிக்கொண்டிருந்தான்.

மாமியும் நோனாவும் ஓடிவந்தார்கள். மாமி வாசலில் அப்படியே நின்றுவிட்டார். தன் புருஷனின் பெயரை மருமகள் மீன்காரன் மாதிரிக் கூவுகிறாள்.

"ஆற்ற பேரைச் சொல்லிக் கத்துறாய்? உனக்கு விசரே?"

நான் பிள்ளையைக் காட்டினேன். 

மாமி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விளங்கியது. அந்த முகம் விளங்கிக்கொண்ட விதத்தை நான் மறக்கவில்லை. மெதுவாகப் போய் அவனுடைய முதுகுக்குப் பின்னால் குனிந்து நின்று, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மாமி அந்தப் பெயரைச் சொன்னார். கட்டின நாள் தொடக்கம் வாயில் வராத பெயர். இரண்டாம் முறை சொல்லும்போது அவருடைய குரல் உடைந்துவிட்டது.

அவன் தானாக ஏதோ நினைத்துத் திரும்பினான். மூன்று பேர் தன்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு சிரித்தான். சிரட்டையை எங்களுக்கு நீட்டினான்.

கோச்சி வந்தால் அவனுக்குத் தெரியும்தானே என்று அன்று இவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அது எப்படி என்று நோனாதான் காட்டித்தந்தார். அடுத்த கோச்சி வருகிற நேரம் என்னைத் தரையில் உட்காரச் சொன்னார். நான் உள்ளங்கையைத் தரையில் வைத்திருந்தேன். சத்தம் கேட்க முந்தி, சீமெந்து மெதுவாக அதிர்ந்தது. பிள்ளை எழும்பி ஓடினான்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் அவனுடைய காதுக்குப் பக்கத்தில் மணியடித்தார், கவர்க்கம்பு போல ஒரு இரும்பைத் தட்டி வைத்தார். பிறவியிலேயே கேட்காமல் இருந்திருக்கலாம், இல்லாவிட்டால் கைக்குழந்தையில் அவனுக்குச் சின்னம்மை வந்த காய்ச்சலில் போயிருக்கலாம் என்றார். பிறகு இவரைப் பார்த்துக் கேட்டார், ஏன் இவ்வளவு நாளும் கொண்டுவரவில்லை என்று. இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியாமப் போச்சு, சேர்," என்றார். என்னில் பழி போடவேயில்லை, சாகும்வரைக்கும். ஒருதரமாவது போட்டிருந்தால் நான் பதில் ஏதாவது யோசித்து வைத்திருப்பேன்.

மாமிக்கும் எனக்கும் நடுவில் அதற்குப் பிறகு ஒரு ஒற்றுமை வந்தது. இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து ஒன்றைக் களவெடுத்தவர்கள் போல நடந்துகொண்டோம். ஊருக்குப் போகுமுன் மாமி சொன்னார், "மாமாவிட்டை நான் சொல்லிக்கொள்ளுறன். நீ கூப்பிடு." என்ன சொன்னார், மாமா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அந்த மீனை நான் பிறகு வாங்கவில்லை. ஆனால் பெயர்களை மட்டும் நினைத்துக்கொள்வேன். நாங்கள் நாக்கைக் கண்டோம், இங்கிலீசுக்காரன் சப்பாத்தைக் கண்டான், மீன்காரன் தட்டையைக் கண்டான், மலாய்க்காரர் இல்லாத பாதியைக் கண்டார்கள். எல்லாரும் மீனைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். பார்க்காமல் சொன்னவள் நான். நாக்கு நாக்கு என்று எண்ணிக்கொண்டு திரிந்தேன், காதை ஒருதரம் பார்க்கவில்லை. பேரைக் கூப்பிட்டு வளர்த்திருந்தால் ஒரு வயதிலேயே தெரிந்திருக்கும்.

காது கேளாத பிள்ளைகளை விடுதியில் வைத்துப் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது, கோச்சியில் போகிற தூரம். அங்கே சேர்த்தோம். வேறு வழி இருக்கவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். கொண்டுபோய் விட்ட நாளில் அவன் புதுச் சப்பாத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தான். எங்கேயோ விளையாடப் போகிறோம் என்று நினைத்திருப்பான். உன்னை விட்டுவிட்டுப் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமை வருவேன் என்று அவனுக்குச் சொல்ல என்னிடம் எந்தப் பாஷையும் இருக்கவில்லை. கைகளால் ஏதோ காட்டினேன். அவன் அதை விளையாட்டு என்று நினைத்துத் திருப்பிக் காட்டினான். படலைக்கு வெளியே வந்து இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வீதியில் ஆட்களுக்கு முன்னால் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தரம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் என்னிடம் வரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், என் பையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த கிழமையும் அப்படித்தான். பிறகு ஒரு ஞாயிறு, அவனைப் படிப்பிக்கிற சிங்கள டீச்சர் வந்து எங்களுக்கு முன்னால் குந்தி இருந்தார். அவனுடைய கையைப் பிடித்து விரித்து என் தொண்டையில் வைத்தார். பிறகு தன் வாயைத் தொட்டு, என்னைப் பார்த்துச் சைகை காட்டினார். முகத்தை மறைக்காமல், வாயை நன்றாகத் திறந்து, பெயரைச் சொல்லச் சொல்லுகிறார் என்று விளங்கியது.

மண்டபம் நிறைய ஆட்கள். சீலைத் தலைப்பை வாயில் இருந்து எடுத்துவிட்டு, அவனுடைய பெயரைச் சொன்னேன்.

அவன் சுட்டதுபோலக் கையை எடுத்தான். என் கழுத்தைப் பார்த்தான், பிறகு என் வாயைப் பார்த்தான். கையைத் திரும்ப வைத்தான். சொன்னேன். மற்றக் கையால் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னும் என்று என் தொண்டையை அமத்தினான். சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. அவனுடைய சின்ன விரல்கள் பிசுபிசுவென்று இருந்தன, நான் கொண்டுபோன பலகாரத்தின் எண்ணெய். திரும்பவும் திரும்பவும் சொன்னேன்.

பார்க்கவந்தவர்கள் போவதற்கு மணி அடித்தார்கள். மற்றத் தாய்மார் எழும்பத் தொடங்கினார்கள். அவனுக்கு மணி தெரியாதுதானே. நானும் தெரியாதது போல இருந்துகொண்டு, பெயரைச் சொன்னேன்.